கோதண்டபாணியின் குறட்டை நின்ற நேரம்

நான் பாவா என்று கூப்பிடும் என் அக்காள் புருஷன் கோதண்டபாணியின் குறட்டையை எந்தக் கருவியும் வைத்து யாரும் அளந்ததில்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். நாலு தறி சேர்ந்து ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அப்படிப்பட்ட தெருவில் மூன்றாவது வீட்டு ஜெயம்மா, தன் தறியில் ஏதோ பழுது என்று மெக்கானிக்கை அழைத்து வந்தாள். அவன் மூன்று மணி நேரம் தறியைக் கழற்றினான், பூட்டினான், எண்ணெய் விட்டான். கடைசியில்தான் சத்தம் தறியிலிருந்து வரவில்லை, இரண்டு வீடு தள்ளி என் பாவாவின் மூக்கிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தான்.

இன்னொரு முறை அவர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் மத்தியானம் கண்ணசந்தபோது, தூரத்தில் வந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் டிரைவர் எதிரே வேறொரு இஞ்சின் வருகிறது என்று நினைத்து வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டார். இதை நான் நேரில் பார்க்கவில்லை. பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது பார்த்த மாதிரிதான் இருக்கிறது.

பாவா பஸ் டிரைவர். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். பொதட்டூர்பேட்டைக்கும் திருத்தணிக்கும் நடுவில் நாளைக்கு ஆறு நடை. நான் சொல்வது எண்பத்து நாலாம் வருஷம். பாவாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, எடை நூற்றுப் பத்துக் கிலோ. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் தைத்த நாளிலிருந்து அதன் காஜாவைப் பார்த்ததே இல்லை.

அவர் எங்கு உட்கார்ந்தாலும் தூங்குவார். சவரக் கடையில் ஒரு கன்னம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். மறு கன்னத்தை அவன் குறட்டையின் இடைவெளி பார்த்துப் பார்த்துச் சிரைப்பான். ஒரு கல்யாணப் பந்தியில் வடையைக் கடித்தபடியே தூங்கியவர், மூன்றாவது பந்தியில் விழித்து மிச்ச வடையை மென்றார். பரிமாறியவர்கள் மூன்று பந்திக்கும் அவருக்குப் பாயசம் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் ஊர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டது. எங்கள் ஊரில் சத்தம் ஓடினால் சோறு உண்டு, சத்தம் நின்றால் இல்லை. எந்த எந்திரமும் நன்றாகச் சத்தம் போட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். அதே கணக்கைப் பாவாவுக்கும் போட்டார்கள். “இன்னா தூக்கம் பாரு! குடுத்து வெச்ச ஒடம்பு!” என்று வழியில் போகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுப் போவான்.

அந்த வருஷம் வைகாசி மாதக் கடைசியில், காலை பத்து மணி நடையில், குடுத்து வைத்த உடம்பு ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டது.

ஏரிக்கரை வளைவில் பஸ் வளையவில்லை. நேராகப் போய் ரோட்டை விட்டு இறங்கி, வேடியப்பன் என்பவரின் வேர்க்கடலைக் கொல்லைக்குள் புகுந்தது. உள்ளே அறுபத்திரண்டு பேர். கூரை மேல் லுங்கிக் கட்டுகள். நான் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வாயிலிருந்த விசிலை விழுங்கப் பார்த்தேன். பஸ் ஒரு சால் பிசகாமல் கொல்லையை முழுநீளத்துக்கு உழுதுவிட்டு, மறுபக்கத்து மேட்டில் ஏறித் திரும்பவும் ரோட்டுக்கே வந்து நின்றது. நின்ற இடத்தில் ஒரு கூடைக்காரி கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏறினாள். “இன்னிக்குத்தான்யா சொன்ன நேரத்துக்கு வந்துகீறீங்க” என்றாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

வேடியப்பன் ஓடி வந்து உழவுச் சாலைப் பார்த்தார். “என் மாடுங்ககூட இவ்ளோ நேரா ஓட்டாது” என்றுதான் அவருக்கு முதலில் வாயில் வந்தது. வசவு பிறகு வந்தது. ஜனங்கள் முருகன் காப்பாற்றினான் என்று கற்பூரம் ஏற்றினார்கள். நான் மட்டும் பாவா முகத்தைப் பார்த்தேன். வாயோரம் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்:

“வேணு, ஏரிக்கரை வந்துடுச்சா?”

நான் திரும்பி, கடந்து வந்த கடலைக் கொல்லையைப் பார்த்தேன்.

பஸ் முதலாளி சாமிநாதன் என்னைத்தான் திட்டினார். “டிரைவரு தூங்கினா அது கண்டக்டர் தப்பு. நீ இன்னாத்துக்குக் கீற? பேசிக்கினே வாய்யா அவங்கிட்ட!” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நடையும் பாவாவின் காதருகே நின்று கதை சொல்ல வேண்டியதாயிற்று. உண்மைக் கதைகளுக்கு அவர் விழித்திருக்கவில்லை. இரண்டு நாளில் என்னிடமிருந்த உண்மை தீர்ந்தும் போயிற்று. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக் கொல்லையில் குடியிருந்த நரிக்குச் சர்க்கரை வியாதி வந்த கதையை அப்போதுதான் சொன்னேன். அது ஆர்.கே.பேட்டை சந்தைக்கு வந்து பாகற்காய் கேட்டது என்றதும் பாவா கண்ணை அகல விரித்து, “அப்புறம்?” என்றார். பஸ் ரோட்டிலேயே போயிற்று. பின் சீட்டில் இருந்தவர்களும் “அப்புறம்?” என்றபடி தங்கள் ஊர் தாண்டிப் போனார்கள்.

பஸ் பிழைத்தது, என் பேர் போயிற்று. ஒரு மாதத்தில், “சில்லறை இல்லீங்க” என்று நான் சொன்னால்கூடச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் முதலாளி அந்தச் செய்தியைச் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊர்க் காவடிகளை நம் பஸ்ஸே திருத்தணி மலைமேல் வரை ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டப்போவது கோதண்டபாணி. அந்த மலை ரோட்டு வளைவுகள் அவருக்குத்தான் அத்துப்படி.

பாவா சந்தோஷத்தில் இரண்டு நாள் இனிப்பு வாங்கி வந்தார். மலை ரோட்டில் வேர்க்கடலைக் கொல்லை கிடையாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் காற்று. கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

என் அக்காள் கெங்கம்மாள் இனிப்பைத் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். கரண்ட் இல்லாத நேரம், தெருவே ஓய்ந்திருந்தது. காலை நடை முடித்து வந்து பாவா கூடத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்காள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தார்க்குச்சிகள், அதாவது தறிக்கு ஊடைநூல் சுற்றும் மரக்குச்சிகள். பக்கத்தில் ஒரு காலிக் கூடை.

“உக்காரு. கொஞ்ச நேரம் உன் வாயக் கட்டிக்கினு பாரு.”

குறட்டை ஓடியது. ஏறியது. உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது.

நான் சத்தத்தைத்தான் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். அது நின்றால் எப்படியிருக்கும் என்று பார்த்ததே இல்லை. வயிறு மேலும் கீழும் இழுத்தது. மார்பு தவித்தது. வாய் திறந்திருந்தது. காற்று மட்டும் போகவில்லை. உதட்டின் நிறம் மாறியது. நான் எழுந்துவிட்டேன். அக்காள் கையை நீட்டி என்னை உட்கார வைத்தாள். பிறகு தண்ணீருக்கடியிலிருந்து வெளிவந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. உடம்பு உதறியது. குறட்டை மறுபடி தொடங்கியது. பாவா கண்ணே திறக்கவில்லை.

அக்காள் ஒரு தார்க்குச்சியைக் கூடையில் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் கூடையில் முப்பத்தெட்டு குச்சி.

“ராவெல்லாம் இப்படித்தான்” என்றாள். “ஊரே கொறட்டைய பத்திப் பேசுது. அது ஓடிக்கினு இருந்தா எனக்கு இன்னா கவல? நாந்தான் நிம்மதியாத் தூங்குவனே. நிக்குது பாரு, அப்ப எனக்கு முழிப்பு வந்துடுது.”

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பவர்லூம் வீட்டில் பிறந்தவர்கள் சத்தத்தில்தான் தூங்குவார்கள். இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நின்ற அந்த நொடியில் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். போய் முடிச்சுப் போட்டு ஓட விட்டுவிட்டுத் திரும்பப் படுப்பார்கள். கெங்கம்மாள் பதினாலு வருஷமாகத் தன் புருஷனை அப்படித்தான் முடிச்சுப் போட்டு ஓடவிட்டிருக்கிறாள். நிற்கும்போதெல்லாம் விலாவில் ஒரு குத்து.

“அக்கா, இத்த யாருக்கும் சொல்லலியா நீ?”

“மாமியார்கிட்ட சொன்னேன். கட்டினவன் தூங்கறத எண்றியாடின்னு கேட்டாங்க. ஜெயம்மாகிட்ட சொன்னேன். நின்னா நல்லதுதானே, காதுக்கு ஓய்வுன்னா.” கூடையைத் தள்ளி வைத்தாள். “இது தூக்கம் இல்லடா, வேணு. சாணுக்கு ஒரு வாட்டி நூலு அறுந்து போற பாவுல எங்கேந்து துணி வரும்? அதான் பகல்ல உக்காந்த எடத்துல சாயறாரு. காத்தால எழுந்தா தல வலி. இன்னா சொன்னாலும் கோவம். பேர்கூட மறந்து போவுது, என்னைப் போன வாரம் ஜெயம்மான்னு கூப்ட்டாரு. இந்த ஒடம்போட மலமேல ஜனத்த ஏத்திக்கினு போவப் போறாரா?”

டாக்டரிடம் வா என்றால் பாவா வரமாட்டார். மலை ரோட்டுக்கு உடம்பு சர்ட்டிபிகேட் வேண்டும் என்று முதலாளி சொன்னதாகச் சொன்னேன். என் பொய்களில் சமூகத்துக்குப் பயன்பட்டது அது ஒன்று. பாவா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார்.

திருத்தணி மார்க்கெட்டுக்குப் பின்னால் டாக்டர் ஜெயபாலின் கிளினிக். முப்பது வயதுக்காரர். பெரிய படிப்பு படித்துவிட்டு, தாத்தா காலத்துக் கிறிஸ்தவ மிஷன் வீட்டிலேயே பலகை மாட்டியிருந்தார். நர்ஸ் தபிதாள் ஆறடி உயரம். ஊசி போடுவதற்கு முன்பே பாதிப் பேருக்கு ஜுரம் இறங்கிவிடும். பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பாவா உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

முதல் குறட்டைக்கு மருந்து அலமாரியில் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தபிதாள் ஓடி வந்தாள்.

“யாரு இது? எழுப்புங்கம்மா! உள்ள டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப்புல இந்தச் சத்தம்தான் கேக்குதாம்!”

“எழுப்பாதீங்க” என்றாள் அக்காள். “டாக்டர கூப்டுங்க. வேகமாப் போங்க, நிக்கப் போவுது!”

“எது நிக்கப் போவுது?”

நின்றது.

தபிதாள் வாயைத் திறந்தபடி நின்றாள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர், கையில் ஒரு குழந்தையின் நாக்கை அழுத்துகிற கட்டையோடு அப்படியே வெளியே வந்துவிட்டார். குனிந்து பாவாவின் மூக்கருகே புறங்கையை வைத்தார். மார்பைப் பார்த்தார்.

“சிஸ்டர், வாட்ச்!”

தபிதாள் மணிக்கட்டைத் திருப்பிச் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். “பத்து... பதினஞ்சு... இருபது...” பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து சுற்றிவந்து நின்றார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தைந்தில் ஒரு தையல்காரர் தோற்றார். முப்பதில் நான் தோற்றேன். “நாப்பது... நாப்பத்தஞ்சு...” பல்வலிக்காரன் ஒருவன் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தான், அவன் முகம் கத்தரிக்காய் நிறமாயிற்று. “அம்பத்திரண்டு!” பாவா கொக்கரித்து இழுத்தார். கூடவே அறையே இழுத்தது. ஜன்னல் திரை உள்பக்கமாகப் பறந்தது. பல்வலிக்காரன் வலி போய்விட்டதென்று அங்கிருந்தே வீட்டுக்குப் போனான்.

டாக்டர் குதிக்காத குறை. “சிஸ்டர், இதான்! இதேதான்! புஸ்தகத்துல படிச்சதோட சரி, பார்க்கவே மாட்டேன்னு நெனச்சேன்!” என்றவர், அக்காளைப் பார்த்ததும் குரலை இறக்கினார். “மன்னிச்சுக்கங்கம்மா. எத்தினி வருஷமா இது நிக்குது?”

அந்தக் கேள்விக்கு அக்காள் அழுதுவிட்டாள். பதினாலு வருஷத்தில், எத்தனை வருஷமாகக் குறட்டை விடுகிறார் என்று கேட்காமல், எத்தனை வருஷமாக நிற்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பாவாவை எழுப்பி உள்ளே கொண்டுபோய் ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றிருபது. பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

“இதுக்கு ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. அந்தப் பேர் வெச்சே பத்து வருஷம் ஆகல. காத்து இல்லாத சைக்கிள் ட்யூப வாயில வெச்சு உறிஞ்சினா இன்னா ஆவும்? ஒட்டிக்கும் இல்ல? அது மாதிரிதான். தூங்கறப்ப தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால விழுந்து, காத்துப் போற வழியே ஒட்டிக்குது. கழுத்து பெருத்தவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. மூச்சு விட ஒடம்பு தவிக்குது, வழி இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. மூளை பயந்துபோயி எழுப்புது. ரெண்டு செகண்டு முழிக்கறாரு, தொண்டை திறக்குது, மறுபடி தூங்கறாரு. முழிச்சது அவருக்கே தெரியாது.”

“ஒரு மணிக்கு முப்பத்தெட்டுங்க” என்றாள் அக்காள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “எண்ணினீங்களா? அப்ப ராத்திரிக்கு முந்நூறுக்குக் கிட்ட. இதத்தான் வெளிநாட்டுல ஒடம்பெல்லாம் ஒயர் ஒட்டி எண்றாங்க.”

“நான் தூங்கலங்கறீங்களா?” என்றார் பாவா. அவர் குரலில் அடிபட்ட மானம் தெரிந்தது. “ஊர்ல எவனவேணா கேளுங்க டாக்டரு. என்ன மாதிரி தூங்கறவன் ஜில்லாவுலயே கிடையாது.”

“படுத்துக்கினு இருந்தீங்க. ஒடம்பு தூங்கல. ராவெல்லாம் இதயம் மலை ஏறிக்கினு இருந்துருக்குது. அதான் பிரஷர் இவ்ளோ. இப்படியே விட்டா மாரடைப்பு, பக்கவாதம், எது முந்தும்னு சொல்ல முடியாது.”

“மருந்து?” என்றேன் நான்.

“மாத்திரை பிரஷருக்குத் தர்றேன். இதுக்கு மாத்திரை இல்ல. எடை கொறையணும். சாராயம், பிராந்தி வாசனகூட ஆகாது, அது தொண்டைய இன்னும் தளர்த்தும். மல்லாக்கப் படுக்கக் கூடாது, ஒருக்களிச்சுத்தான். பனியன் முதுகுல ஒரு ரப்பர் பந்த வெச்சுத் தெச்சுடுங்க, புரண்டா குத்தும். வேலூருக்கு எழுதித் தர்றேன், தொண்டையப் பாக்கட்டும்.” கொஞ்சம் யோசித்து, “மூணு வருஷம் முன்னால வெளிநாட்டுல ஒருத்தர் தூசி உறிஞ்சற மெஷின மாத்தி வெச்சு, மூக்கு வழியாக் காத்த உள்ள தள்ளிக்கினே இருந்தாராம். நோயாளி விடிய விடியத் தூங்கினானாம். அது நம்ம ஊருக்கு எப்ப வருமோ” என்றார்.

நான் நரிக்கு வியாதி கொடுத்தவன். இப்படி ஒன்றைச் சொல்ல எனக்கே துணிச்சல் வந்திருக்காது.

“கடேசியா ஒண்ணு” என்றார் டாக்டர். “இது சரியாவுற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. சர்ட்டிபிகேட் தரமாட்டேன்.”

பாவா எழுந்தார். ரோட்டுக்கு வந்ததும், “தூங்கறவன எழுப்பி நீ தூங்கலன்னு சொல்றான். இவனெல்லாம் டாக்டரா? கிருத்திகைக்கு நாந்தான்டா ஓட்டுவேன்” என்றார். சொல்லி முடித்து, பஸ் ஏறி, சீட்டில் சாய்ந்து தூங்கினார்.

நான் முதலாளியிடம் ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சாமிநாதன் பொறுமையாகக் கேட்டார்.

“ஆங். அப்ப ராத்திரிக்கு முந்நூறு தடவ மூச்சு நின்னு போவுது.”

“ஆமாங்க.”

“அதுக்கு முதுகுல பந்து தைக்கணும்.”

“ஆமாங்க. வெளிநாட்டுல மூக்குல மெஷின் மாட்றாங்களாம்.”

“வேணு, அந்த நரி கதையே இதுக்குத் தேவலாம்யா” என்று கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டார்.

சத்தியம் செய்தேன். அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்.

கிருத்திகை காலை ஏழு மணி. எங்கள் ஊர்க் கோயிலடியில் பஸ் நிற்கிறது. நெற்றியில் சந்தனம், முன்கண்ணாடியில் பூமாலை. பம்பை அடிக்கிறார்கள். உள்ளே ஐம்பது பேருக்கு மேல், எல்லாம் எங்கள் தெரு ஜனம், தறியை நிறுத்திவிட்டு மஞ்சள் வேட்டி மஞ்சள் சேலையோடு புஷ்பக் காவடிகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயம்மா முதல் ஜன்னலில். முதலாளி சாமிநாதன் தானும் ஒரு காவடியோடு முன்சீட்டில். பாவா புதுச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜொலிக்கிறார். டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசித்துக் குனிந்தேன்.

அக்காள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதலாளி ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

“அய்யா, பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வெக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவுமே. அது வரைக்கும் இஞ்சின நிறுத்தச் சொல்லுங்க. பம்பையும் வாணாம்.”

“ஏன் தாயி?”

“சும்மா. ஒரு பத்து நிமிஷம்.”

இஞ்சின் நின்றது. பம்பைக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். பாவா ஒரு கொட்டாவி விட்டார். தலை பின்னால் சாய்ந்தது.

குறட்டை கிளம்பியதும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு. “பாருங்கய்யா, டிரைவர் ஸ்டார்ட் பண்ணிட்டாரு!” என்றான் ஒருவன். “செகண்ட் கியர் போட்டுட்டாரு!” என்றான் இன்னொருவன். ஜெயம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். சிரித்துச் சிரித்து அவர்கள் அதை மறந்தும்விட்டார்கள். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பது போல வெற்றிலை மடித்தார்கள், பேசினார்கள், ஒருவர் கண்ணை மூடினார்.

நின்றது.

நான் ஆயிரம் கதை சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. ஐம்பது தலையும் ஒரே நொடியில் நிமிர்ந்தன. பேச்சு பாதியில் அறுந்தது. கண் மூடியிருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். பாதிப் பேரின் வலது கை, தங்கள் தறியில் கைப்பிடி இருக்கும் இடத்துக்குத் தானாகப் போய்க் காற்றைப் பிடித்தது. சாமிநாதன் பஸ் வாங்குவதற்கு முன் இருபது வருஷம் தறிக்காரர். அவர் கையும் போயிற்று.

“அறுந்துச்சு!” என்று கத்தினாள் ஜெயம்மா. “எங்க? எது?”

“முன்னாடி” என்றாள் அக்காள், கீழேயிருந்து. “எம்புருஷன்.”

எல்லோரும் பார்த்தார்கள். திறந்த வாய். இழுக்கும் வயிறு. கறுத்துக்கொண்டு வரும் உதடு. யாரோ மெல்ல எண்ணினார்கள். யாரோ, “முருகா, முருகா” என்றார்கள். நாற்பதுக்கு மேல் போனபோது பாவா உடம்பு உதறி இழுத்தார். ஸ்டியரிங்கில் மோதிய கை ஹாரனை அழுத்திற்று. அதற்கும் அவர் எழவில்லை. குறட்டை மறுபடி தொடங்கியது.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை நின்றபோது ஜெயம்மா குழந்தையோடு இறங்கிவிட்டாள். மூன்றாம் தடவைக்குள் காவடிகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. ஒருவரும் தள்ளவில்லை. கடைசியாகச் சாமிநாதன் இறங்கினார்.

பூசாரியின் மணிச் சத்தத்தில் பாவா விழித்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். காலி சீட்டுகள்.

“வேணு, ஜனம் எங்கடா?”

“கீழ நிக்குது, பாவா.”

“ஏன்?”

சொல்வதை அக்காளுக்கே விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அக்காள் ஜன்னலுக்கு வந்து அவர் முழங்கை மேல் கை வைத்தாள். “மூணு தரம் நின்னு போனீங்க. இவங்க அத்தினி பேரும் கேட்டாங்க.”

பாவா முதலாளியைப் பார்த்தார்.

“எனக்கும் கேட்டுச்சுப்பா, கோதண்டம்” என்றார் சாமிநாதன். “நைனா, எறங்கி வா. வண்டி எங்க போயிடப் போவுது. உனக்குத்தான். மொதல்ல ஒடம்பப் பாரு.”

பாவா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. “டாக்டரு சொன்னத நான் பொய்யின்னே நெனச்சேன்” என்றார், யாரிடமோ. “இவன் கூட வந்ததால.” சாவியை எடுத்து ஜன்னல் வழியாக முதலாளி கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து, மெல்ல இறங்கினார். சாமிநாதன் தறிக்காரர் என்றேனே, கேட்டதும் தாமதிக்கவில்லை. ஆர்.கே.பேட்டைக்கு ஆள் அனுப்பி வேறு டிரைவரை வரவழைத்தார். ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பியது.

பாவாவும் பின்சீட்டில் வந்தார். மலையடியில் பஸ் நின்றபோது, “நான் படி ஏறி வர்றேன்” என்று இறங்கிக்கொண்டார். “எடை கொறையணும்னு சொன்னாருல்ல அந்தப் பையன்?” சரவணப் பொய்கையில் காலை நனைத்துக்கொண்டு, காவடிக் கூட்டத்துக்கு நடுவே, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினார். அக்காள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முப்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். நத்தையொன்று எங்களைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். பாதி மலையில் ஒரு மண்டபம் வந்ததும், “கொஞ்சம் இருடா” என்று சாய்ந்தவர் தூங்கிவிட்டார்.

அக்காள் அவரைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகுக்குப் பின்னால் மாற்றுத் துணி மூட்டையை அணைகொடுத்தாள். தூணில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

குறட்டை கிளம்பியது. ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. நான் விரலை மடக்கி வைத்துக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு விரல்கூட நீட்டவில்லை.

மேளமும் அரோகராவுமாகப் படியேறிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, “யாருங்க இது, இம்மாஞ் சத்தம்? எழுப்புங்கம்மா, கோயிலாண்ட இப்படியா?” என்றார்.

“ஓடிக்கினு இருக்குது” என்றாள் அக்காள். “ஓடட்டும்.”

நான் கீழே போய் இரண்டு பொட்டலம் தயிர்ச்சோறு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். பாவா அதே பக்கம் படுத்து அதே சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்காள் தூணிலிருந்து சரிந்து, தரையில் கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பம்பை அவள் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. ஒரு காவடியின் மயில்தோகை முகத்தில் உரசிற்று. அவள் அசையவில்லை. பதினாலு வருஷத் தூக்கம் பாக்கி.

எழுப்ப மனசு வரவில்லை. பொட்டலங்களோ வெயிலில் புளிக்க ஆரம்பித்திருந்தன. இரண்டையும் நானே தின்றேன்.